கண்மாயைக் காணோமே

2024 ஆகஸ்ட், 'கொட்டுக்காளி' வெளியான இரண்டாவது நாள். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் மதியக் காட்சிக்குப் போயிருந்தேன். இரண்டு ஸ்கிரீன் உள்ள தியேட்டர். பக்கத்து ஸ்கிரீனில் அதே நாளில் வெளியான 'வாழை'க்கு நல்ல கூட்டம். எங்கள் பக்கம் மொத்தம் 23 பேர். எண்ணிப் பார்த்தேன். இந்த மாதிரிப் படங்களுக்குப் போனால் தலை எண்ணுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

படம் ஆரம்பித்து இருபது நிமிடம் இருக்கும். ஷேர் ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டு போகிறது, பின்னால் பைக்குகள். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் சத்தம் போட்டார்: "ஆப்பரேட்டர் அண்ணே, மியூசிக் வரலண்ணே!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்த சிரிப்பு வேறு. 'இவருக்குத் தெரியல, படத்துல பின்னணி இசையே கிடையாது' என்கிற சிரிப்பு. தெரிந்தவன் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது. அதை யோசிக்க யோசிக்க எனக்கே என் மேல் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இடைவேளையில் கேன்டீன் பக்கம் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டார்கள். "என்னடா ஒண்ணுமே நடக்கல?" "அவார்டு படம்டா, அப்பிடித்தான் இருக்கும்." அதோடு முடிந்தது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. 'அவார்டு படம்' என்று சொல்லிவிட்டால் ஒரு படத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது.

'விருதுப் படம்' என்ற சொல்லை நாம் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? திட்டுவதற்கும் அதே சொல், பாராட்டுவதற்கும் அதே சொல். பிடிக்காதவர்கள் "எனக்கானது இல்லை" என்று ஒதுங்கிக்கொள்ள அது உதவுகிறது. நம்மைப் போல இலக்கியம், உலக சினிமா என்று திரிகிறவர்களுக்கு "இது உனக்கானது இல்லை" என்று மற்றவர்களை ஒதுக்க உதவுகிறது. இரண்டு தரப்பும் சண்டை போடுவது போலத் தெரியும். உண்மையில் இரண்டு பேரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: இந்தப் படத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை.

எனக்கு அந்த முடிவோடுதான் சண்டை.

*

பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்'. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசான டைகர் விருதை வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். இரண்டாவது படமான 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. இரண்டுமே மதுரைப் பக்கத்து ஊர்களில் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் மனிதர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறார்கள், கதை அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் படங்கள் போன வழியைப் பாருங்கள். 'கூழாங்கல்' அரிட்டாபட்டியில் எடுக்கப்பட்டு, நெதர்லாந்துக்குப் போய், பல நாடுகளின் விழாக்களைச் சுற்றி, 2023 அக்டோபரில் சோனி லிவ் ஓடிடி வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பொதுப் பார்வையாளருக்கு வந்தது. தியேட்டருக்கு வரவே இல்லை. அரிட்டாபட்டியிலிருந்து மேலூருக்கு ஒரு டவுன் பஸ் தூரம். படம் அந்தத் தூரத்தைக் கடக்க ரோட்டர்டாம் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. அப்படி வந்தும் மேலூர்த் தியேட்டருக்கு அது வந்து சேரவில்லை.

இதற்கு யாரைக் குறை சொல்வது? விழாக்களையா? அதற்கு முன் விழா என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் நம்மிடையே அதைப் பற்றி இரண்டு வகைக் கற்பனைகள்தான் இருக்கின்றன. ஒன்று, அது கலையின் கோயில். இன்னொன்று, வெள்ளைக்காரனுக்கு நம் வறுமையை விற்கும் சந்தை.

முதல் கற்பனையை வரலாறே உடைத்துவிடும். உலகின் மிகப் பழைய திரைப்பட விழா வெனிஸ். 1932இல், முசோலினியின் இத்தாலியில் தொடங்கியது. 1938இல் அங்கே உயரிய பரிசுக்குப் பெயரே முசோலினி கோப்பை. அதை வாங்கிய படங்களில் ஒன்று லெனி ரீஃபன்ஸ்டாலின் 'ஒலிம்பியா', ஹிட்லரின் ஜெர்மனியில் நடந்த ஒலிம்பிக் பற்றியது. அந்தக் கோபத்தில்தான் ஃபிரான்ஸ் தனக்கென்று ஒரு விழாவைத் திட்டமிட்டது. 1939 செப்டம்பரில் கான் விழா தொடங்க வேண்டியது, போர் வந்துவிட்டது, 1946இல்தான் முறையாக நடந்தது. அதே கான் விழாவை 1968இல் கோதார், த்ரூஃபோ போன்றவர்களே தெருப் போராட்டங்களுக்கு ஆதரவாகப் பாதியில் நிறுத்தினார்கள். ஆக, விழா என்பது தொடக்கத்திலிருந்தே அரசியல், கௌரவம், போட்டி எல்லாம் கலந்த இடம். புனிதம் ஒன்றும் கிடையாது.

ஆனால் இரண்டாவது கற்பனையும் முழுசாகச் சரியில்லை. ரோட்டர்டாம் விழாவையே எடுத்துக்கொள்வோம். 1972இல் ஹூபர்ட் பால்ஸ் என்பவர் அதைத் தொடங்கினார். முதல் நாள் மாலைக் காட்சிக்கு வந்தவர்கள் 17 பேர். 'கொட்டுக்காளி'க்கு எங்கள் தியேட்டரில் அதைவிட ஆறு பேர் அதிகம்! அந்த 17 பேரை வைத்துக்கொண்டு "மக்களுக்கு இது பிடிக்காது" என்று அவர்கள் கடையை மூடவில்லை. அடுத்த ஆண்டும் நடத்தினார்கள். அதற்கடுத்த ஆண்டும். 1988இல் பால்ஸ் இறந்தபின் அவர் பெயரிலேயே நிதி ஒன்று உருவானது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எனப் பல இடங்களின் சுயாதீனப் படங்களுக்கு இன்றுவரை அது உதவிவருகிறது. அந்த ஊரின் பார்வையாளர்கள் பிறக்கும்போதே டைகர் விருதுப் படம் பார்க்கும் பக்குவத்தோடு பிறந்தவர்கள் இல்லை. ஆண்டாண்டாகக் காட்டிக் காட்டி உருவானவர்கள்.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதம் கேரள விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிப் படத்துக்கு ஏழரைக்கே வரிசை நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டயரான வாத்தியார்கள், லீவு போட்டு வந்த பேங்க் ஊழியர்கள். கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013இல் அங்கே வந்தபோது ஒரு ஸ்டார் நடிகருக்குச் சேரும் கூட்டம் அவருக்குச் சேர்ந்தது. இது 1990களில் விழா தொடங்கியதால் மட்டும் வந்தது இல்லை. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து, ஊர் ஊராக ஃபிலிம் சொசைட்டிகள் முளைத்து, வாசகசாலைகளிலும் பள்ளிக்கூட ஹால்களிலும் 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததன் விளைவு அது.

*

சரி, 'கூழாங்கல்'லுக்கு வருகிறேன்.

படம் ஓடிடியில் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். என் அத்தை வீடு மேலூர்ப் பக்கம். அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. சீரியல் பார்ப்பார், பழைய எம்.ஜி.ஆர். படம் பார்ப்பார். உலக சினிமா என்ற சொல்லே அவர் காதில் விழுந்திருக்காது. என் போனை டிவியில் இணைத்துப் படத்தைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அவரோடு பார்க்க வேண்டும் என்று போடவில்லை. நான் பார்க்கப் போட்டேன், அவர் அரிசி புடைத்துக்கொண்டு அங்கே இருந்தார்.

கதை தெரியாதவர்களுக்கு: கணபதி ஒரு குடிகாரன். மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போகிறான். போன இடத்தில் அவள் இல்லை, ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். அடிதடி ஆகிறது. திரும்பி வருவதற்கான பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இருவரும் உச்சி வெயிலில் பொட்டல் வழியாக நடக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி அந்த நடைதான். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

வினோத்ராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: இந்தக் கதைக்கு விதை அவருடைய அக்காவின் வாழ்க்கை. புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே வந்த பெண். படத்தில் அந்த நடையை ஆணுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பெண் நடந்த வழியை ஒரு ஆண் நடந்து பார்க்கட்டும் என்பதுதான் படத்தின் அடிப்படைக் கோபம். வெளியே யாரும் அதை வசனமாகப் பேசுவதில்லை.

வேலு தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். நான் மனதுக்குள் 'ஆகா, என்ன ஒரு படிமம்' என்று குறித்துக்கொண்டேன். அத்தை முறத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கல்லப் போட்டா எச்சி ஊறும்ல. நாங்களும் போடுவோம்." அவருக்கு அது படிமம் இல்லை, தகவல். கடைசியில் வீட்டுக்கு வந்த பையன் அந்தக் கல்லை எடுத்து ஒரு மூலையில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கூழாங்கல் இருக்கிறது. அப்படியென்றால் இந்த நடை இது முதல் முறை இல்லை. எத்தனையோ தடவை நடந்திருக்கிறான். அந்த ஷாட்டில் அத்தை "அடப் பாவிகளா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கண் டிவியை விட்டு நகரவில்லை.

அத்தையும் நடந்தவர்தான். 1980களின் கடைசியில், கைக்குழந்தையோடு, ஒரு இரவு முழுக்க. வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அன்றைக்கும் அவர் அதைப் பேசவில்லை. படம் பார்த்து அழுதார், தன் கதையைச் சொன்னார் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது வேறு. படத்தின் கடைசியில் ஒரு நீண்ட ஷாட். ஊற்றுக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் தண்ணீரை ஒரு பெண் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறாள். மெதுவாக. மறுபடியும் மெதுவாக. எனக்கு லாங் டேக், ஸ்லோ சினிமா, கியரோஸ்தமி என்று மண்டைக்குள் லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், அத்தைக்குப் போரடிக்குமே என்று போனை எடுத்து, "முடிஞ்சிருச்சு அத்தே, ஆஃப் பண்ணவா?" என்றேன்.

"இரு மருமகனே, கொடம் ரொம்பட்டும்" என்றார்.

உலக சினிமாவை நேசிக்கும் நான் நிறுத்தப் பார்க்கிறேன். சீரியல் பார்க்கும் அத்தை காத்திருக்கிறார். அந்த ஷாட்டின் நீளம் எனக்கு ஒரு பாணி. அவருக்கு ஒரு குடம் நிறைய ஆகும் நேரம். யாருக்கு அந்தப் படம் 'புரிந்தது'?

நிதானமான காலம் என்பது ஐரோப்பிய விழாக்கள் கண்டுபிடித்துக் கொடுத்த ஒன்று என்பது போல நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊற்றுக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். ரேஷன் கடை வரிசையிலும் அரசு ஆஸ்பத்திரி பெஞ்சிலும் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும்.

*

இங்கேயே கட்டுரையை முடித்தால் நன்றாக இருக்கும். 'எளிய மக்களுக்கு எல்லாம் புரியும்' என்று ஒரு நல்ல முடிவு கிடைத்துவிடும். ஆனால் அன்றைக்கு அத்தை இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறது.

படத்தின் நடுவில், அப்பனும் பிள்ளையும் பொட்டலில் நடக்கும்போது பின்னால் ஒரு மலை தெரியும். அத்தை கேட்டார்: "இது நம்ம அரிட்டாபட்டி மலையில்ல? கண்மாயக் காணோமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கேள்வி அவ்வளவு சரியானது. அரிட்டாபட்டி வறண்ட பூமியின் அடையாளம் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஏழு குன்றுகள், 72 ஏரி கண்மாய்கள், 200 இயற்கை ஊற்றுக் குளங்கள், சுமார் 250 வகைப் பறவைகள் என்பது அரசு அப்போது கொடுத்த கணக்கு. பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிறது, தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் இருக்கின்றன. 2024 கடைசியில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்றுவட்டாரமே திரண்டு எழுந்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் காப்பாற்ற நின்றது இந்தக் கண்மாய்களையும் ஊற்றுகளையும்தான்.

'கூழாங்கல்' அந்த நிலத்தில் எடுக்கப்பட்ட படம். ஆனால் அதன் ஃப்ரேமுக்குள் வந்தது பொட்டல் மட்டும்.

இது பொய்யா? இல்லை. கோடையில் அங்கே அப்படியும் இடங்கள் உண்டு. கேமரா எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் செய்யும். தேர்ந்தெடுக்காமல் சினிமா இல்லை. கணபதியின் கோபத்துக்கும் அந்த வெயிலுக்கும் உள்ள உறவை உண்டாக்க அந்த வறட்சி வேண்டும். ஒரு கண்மாய் ஃப்ரேமுக்குள் வந்தால் பையன் கல்லை வாயில் போட வேண்டியதில்லை. கலை ரீதியாக நான் இயக்குநர் பக்கம்தான்.

ஆனாலும் அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. 1980களின் தொடக்கத்தில் நடிகை நர்கிஸ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு விழாப் படத்தின் மீதும் அந்தக் கல்லைத் தூக்கிப் போடுகிறோம். அந்தக் குற்றச்சாட்டு எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. வறுமை இருப்பதில் வராத அவமானம் வறுமையைக் காட்டுவதில் மட்டும் எப்படி வரும்? அதுவுமில்லாமல், 'பதேர் பாஞ்சாலி' 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியானபோது முதலில் மந்தமாக இருந்து, பிறகு வாய்ப்பேச்சாகப் பரவிக் கூட்டம் சேர்ந்த படம். கான் விருது அடுத்த ஆண்டுதான். சொந்த ஊர் முதலில் ஏற்றுக்கொண்டது.

அத்தை கேட்டது நர்கிஸ் கேட்ட கேள்வி இல்லை. 'ஏன் எங்களைக் கேவலப்படுத்துகிறாய்' என்று அவர் கேட்கவில்லை. அந்த இடத்தைத் தெரிந்த ஒருவர் 'இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதே' என்று கேட்கிறார். எந்தக் கோபமும் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். இதுதான் விமர்சனம். நான் படித்த வரையில் 'கூழாங்கல்' பற்றிய உலக விழா விமர்சனங்கள் வறண்ட நிலம், சுட்டெரிக்கும் வெயில், இரக்கமற்ற பூமி என்ற அளவில் நின்றுவிடுகின்றன. நானே முதலில் எழுதிவைத்த குறிப்பும் அப்படித்தான். ரோட்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால், அவர் எவ்வளவு நுட்பமான ரசிகராக இருந்தாலும், கண்மாய் எங்கே என்று கேட்க முடியாது. அவருக்கு அங்கே ஒரு கண்மாய் இருப்பதே தெரியாது. அது அவர் தப்பு இல்லை.

ஆனால் ஒரு படம் அந்தக் கேள்வியைச் சந்திக்காமலே உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு ஓடிடியில் அடங்கிவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. படத்துக்கே இழப்பு. "எங்கள் கதை எங்கள் மக்களைச் சேர வேண்டும்" என்று நாம் சொல்லும்போது அதில் ஒரு தருமச் சிந்தனை இருக்கிறது, ஏதோ படம் மக்களுக்குத் தானம் செய்வது போல. நான் சொல்வது திருப்பி. படத்துக்குத்தான் அந்த மக்கள் தேவை. அவர்களிடம் மட்டும்தான் அந்தப் படத்தைச் சரிபார்க்கும் அறிவு இருக்கிறது.

*

'கொட்டுக்காளி' தியேட்டருக்கு வந்தது என்பதால்தான் அந்த மதியம் எனக்கு முக்கியம். சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன். அந்தப் பெயர்கள் இல்லாமல் அது எங்கள் ஊருக்கு வந்திருக்காது.

மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளைக் கட்டிக்கொள்ளவேண்டிய முறைமாமன் பாண்டி. பேய் பிடித்திருக்கிறது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று குடும்பமே அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறது. கூடவே பலிக்கு ஒரு சேவல். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் அதட்டுகிறான். அதிகாரம் உள்ளவனுக்குக் குரல் வரவில்லை. குரல் உள்ளவள் பேச மறுக்கிறாள். இவ்வளவு அழகாக யோசித்து வைத்த ஒன்று சமீபத்தில் தமிழ்ப் படங்களில் நான் பார்த்ததில்லை.

இசை இல்லாததால் ஆட்டோவின் இரைச்சல், பைக் சத்தம், யார் யாரோ பேசிக்கொள்வது எல்லாம் காதுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. அதன் நடுவே மீனாவின் மௌனம். தியேட்டரில் அதைக் கேட்க வேண்டும். ஓடிடியில் வீட்டு ஃபேன் சத்தத்தோடு கேட்டால் அது வெறும் 'மியூசிக் இல்லாத படம்' ஆகிவிடும். ஒரு இடத்தில் காளை ஒன்று வழியை மறித்து நிற்கிறது. மீசை வைத்த ஆம்பளைகள் அத்தனை பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். எங்கள் தியேட்டரில் அந்த இடத்தில் வந்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். 23 பேரும் சிரித்தோம். இந்த முறை எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

எனக்குப் படத்தின் மேல் குறையும் உண்டு. சாமியார் இடத்துக்குப் போனபின், அதுவரை நம்மை நம்பிய படம் கொஞ்சம் நம்பிக்கை இழந்துவிடுகிறது. அங்கே இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டியும் நாமும் சேர்ந்து பார்க்க வேண்டும், பார்த்துத் திருந்த வேண்டும் என்று காட்சி அழுத்துகிறது. மீனாவைப் பற்றிய படம் அந்த இடத்தில் பாண்டியின் மனசாட்சியைப் பற்றிய படமாக மாறிவிடுகிறது. கடைசியில் கேள்வி அவனிடம்தான் கேட்கப்படுகிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவளுடைய மௌனத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். எனக்கு உறுத்துகிறது.

படம் வந்த கொஞ்ச நாளில் திரைத்துறைக்குள்ளிருந்தே ஒரு கருத்து எழுந்தது: இது விழாக்களுக்கான படம், இதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்து சாதாரண ரசிகனைத் துன்புறுத்தியிருக்கக் கூடாது என்று. சூரியின் காமெடியை எதிர்பார்த்து நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வந்தவருக்கு ஏமாற்றம் இருக்கும், அது நியாயம்தான். விளம்பரம் செய்கிறவர்கள் அதை யோசிக்க வேண்டும். ஆனால் 'கொண்டுவந்திருக்கவே கூடாது' என்பது வேறு. அது ரசிகனுக்காகப் பேசுவது போல ரசிகனுக்குக் கதவைச் சாத்துவது.

*

ஜான் ஆபிரஹாம் இந்தக் கதவை வேறு மாதிரி திறக்கப் பார்த்தார். தமிழில் 1977இல் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். தேசிய விருது வாங்கிய படம், ஆனாலும் தமிழ்நாட்டில் அதைப் பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம். அந்த அனுபவத்துக்குப் பிறகு 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, மக்களிடம் சில்லறைக் காசு வாங்கி, அந்தப் பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். இறந்துபோன ஒரு இளைஞனின் செய்தியை அவன் அம்மாவிடம் சொல்வதற்காக ஒருவன் கிளம்புகிறான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். அதுவும் ஒரு நடைதான். படம் எடுத்த விதமும் படத்தின் கதையும் ஒன்றாகவே இருந்தன. எடுத்தபின் மறுபடியும் அதே ஊர்களுக்குப் புரொஜெக்டரோடு போனார்கள்.

அடுத்த ஆண்டே, 1987 மே மாதம், ஜான் இறந்துவிட்டார். அந்த முறை பெரிதாகப் பரவவில்லை. காசு சேர்ப்பது கஷ்டம், ஆள் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். எல்லோரும் ஜான் ஆகுங்கள் என்று சொல்ல நான் யார். விழா இல்லாமல் வினோத்ராஜின் படங்கள் நம் கவனத்துக்கே வந்திருக்காது என்பதையும் மறைக்க முடியாது. விழா ஒரு படத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளரைக் கொண்டுவரும். அது பெரிய விஷயம். ஆனால் அங்கே பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதியை நாமும் முடித்த மாதிரி நடிக்கிறோம்.

இன்றைக்கு புரொஜெக்டர் சுமக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளை வேட்டி, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், உரிமை வைத்திருப்பவரிடம் ஒரு அனுமதி. ஊர்ச் சாவடியில் திரையிடலாம். நாம் சென்னையில் ஏசி ஹாலில் நம்மைப் போன்ற நாற்பது பேருக்குத் திரையிட்டு, நம்மிடமே கேள்வி கேட்டு, நாமே பதில் சொல்லிக்கொள்கிறோம். அதிலும் கேள்விகள் எப்போதும் ஒன்றே: உங்களுக்குப் பிடித்த இயக்குநர் யார், எந்த லென்ஸ் போட்டீர்கள், எத்தனை டேக் போனது.

*

அன்றைக்குக் 'கொட்டுக்காளி' ஒரு முடிவைச் சொல்லாமல் நின்று, விளக்கு எரிந்தது. இடைவேளைக்குப் பிறகு 19 பேர்தான் இருந்தோம். 'மியூசிக் வரலண்ணே' என்று கத்தியவர் போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. வெளியே டீக்கடையில் தன் சோட்டு ஆளுங்களோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், பெயிண்ட் கறை படிந்த சட்டை. சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்.

"அவன் அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டுத் திரும்பிருவான்யா. பாத்தியா அவன் மொகத்த?"

"எங்கிட்டுத் திரும்புறது? அப்பன் ஆத்தா விட்ருவாங்களா? சொந்தக்காரன் பூராம் வந்திருக்கான்ல?"

"விடமாட்டாங்கதான். ஆனா அவன் திரும்பணும்."

பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்களும் படம் பாத்தீங்கள்ல சார்? சொல்லுங்க, திரும்புவானா மாட்டானா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அத டைரக்டர் நம்மகிட்டயே விட்டுட்டாருண்ணே" என்று ஏதோ சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விட்டாருன்னு தெரியுது. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டேன்."

அந்தக் கேள்வியும், கண்மாயைக் காணோமே என்ற அத்தையின் கேள்வியும் என்னிடம்தான் இருக்கின்றன. அடுத்த முறை இந்த இயக்குநரின் படம் எங்காவது திரையிடப்பட்டு, கேள்வி நேரத்தில் மைக்கைக் கொடுத்தால், இரண்டையும் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் நான் கேட்பதைவிட, அந்தத் திரையிடல் மேலூர்ப் பக்கம் நடந்து, மைக் அத்தை கைக்குப் போனால் நல்லது.

அவர் மைக்கை வாங்கமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிடுவார்.